ஏசி வேண்டாம், ஸ்வெட்டர் போதும்... ரிட்டயர் ஆனதும் போகேட்டேயில் செட்டில் ஆகலாமா?

பென்ஷன் வர ஆரம்பித்ததும் சொந்த நாட்டை விட்டுக் கிளம்பி, யாரையும் தெரியாத ஒரு மலையூரில் குடியேறுவது சாதாரண முடிவா என்ன? ஆனால், அமெரிக்கா, கனடாவில் ஓய்வுபெற்றவர்கள் பலர் அதைத்தான் செய்கிறார்கள். அவர்கள் தேடிப்போகும் ஊர்களில் ஒன்று, மத்திய அமெரிக்க நாடான பனாமாவில் இருக்கும் போகேட்டே. அப்படி என்னதான் இருக்கிறது அங்கே?

நெல்லை ரேகையில் ஒரு குளிர்

உலக வரைபடத்தில் நம் திருநெல்வேலியிலிருந்து மேற்கே நேர்கோடு இழுத்துக்கொண்டே போனால், ஏறக்குறைய போகேட்டேயைத் தொட்டுவிடலாம். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகை. ஆனால், போகேட்டே சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பம் ஆறேழு டிகிரி குறையும் என்பதால், கீழே இருக்கும் டேவிட் நகரம் வியர்த்துக் கொட்டும்போது இங்கே மாலையில் ஸ்வெட்டர் தேடுவார்கள்.

பக்கத்திலேயே பனாமாவின் மிக உயரமான சிகரமான வோல்கான் பரூ, சுமார் 3,475 மீட்டர். வானம் தெளிவாக இருந்தால், அதன் உச்சியிலிருந்து பசிபிக் கடலையும் கரீபியன் கடலையும் ஒருசேரப் பார்க்கலாம். சரிவெங்கும் காபித் தோட்டங்கள். 2004-ல் நடந்த ஏலத்தில் ஒரு பவுண்டு 21 டாலருக்கு விலைபோய் காபி உலகத்தையே திரும்பிப் பார்க்கவைத்த 'கெய்ஷா' ரகம் இந்த ஊர்த் தோட்டத்தில் விளைந்ததுதான்.

ஆயிரம் டாலர் இருந்தால் விசா

பனாமாவின் 'பென்சியோனாடோ' விசா பெற, ஆயுள் முழுக்க மாதம் 1,000 டாலர் பென்ஷன் வரும் என்று காட்ட வேண்டும். கணவனோ மனைவியோ உடன் வந்தால் கூடுதலாக 250 டாலர். விசா கிடைத்தவர்களுக்கு ஹோட்டல் சாப்பாட்டிலும் விமான டிக்கெட்டிலும் 25 சதவிகிதம் வரை தள்ளுபடி உண்டு. வெளிநாட்டிலிருந்து வரும் வருமானத்துக்கு பனாமாவில் வரி இல்லை. புழக்கத்தில் இருப்பதும் அமெரிக்க டாலர் நோட்டுதான் என்பதால், அமெரிக்கர்களுக்குப் பணம் மாற்றும் தொல்லையும் கிடையாது.

ஒரே ஊர், பல வானிலை

'என்றும் வசந்தம்' என்று விளம்பரங்கள் சொல்வதில் பாதிதான் உண்மை. டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் வரை வெயில் காலம். அப்போதும் 'பஹரேக்கே' என்கிற பனித்தூறல் மலையைத் தாண்டி வந்து நனைக்கும், பலத்த காற்றும் உண்டு. மற்ற மாதங்களில் மழை. செப்டம்பர், அக்டோபரில் அடித்துப் பெய்யும். அலமாரியில் வைத்த துணியும் தோல் செருப்பும் பூஞ்சை பிடிக்கும். மேலே இருக்கும் பகுதிகள் நாளெல்லாம் ஈரமாக இருக்கும்போது, சில கிலோமீட்டர் கீழே வெயில் காயும். ஊர் நடுவே ஓடும் கால்டேரா ஆறு 2008 நவம்பரில் பெருக்கெடுத்து வீடுகளைச் சேதப்படுத்தியது. ஆற்றங்கரை வீட்டின் அழகைப் பார்க்கிறவர்கள் இதையும் பார்க்க வேண்டும்.

65-ல் சரி, 80-ல்?

முக்கியமான கேள்வி இதுதான். சின்ன வைத்தியத்துக்கு ஊரிலேயே கிளினிக் இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரி என்றால் டேவிட் நகரத்துக்கு, சுமார் 40 கிலோமீட்டர் இறங்க வேண்டும். அமெரிக்க முதியவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், பொதுவாக வெளிநாட்டுச் சிகிச்சைக்குப் பணம் தராது. தனிக் காப்பீடு எடுக்கலாம் என்றால், வயது ஏற ஏற பிரீமியமும் ஏறும்.

65 வயதில் இருவரும் கைகோத்து மலைப்பாதையில் நடப்பார்கள். கார் ஓட்டுவார்கள். 80-ல் கண் மங்கி, ஓட்டுவது நின்றுபோனால்? இருவரில் ஒருவர் முதலில் போய்விட்டால், மற்றவர் ஸ்பானிஷ் தெரியாமல் வங்கி, மின்கட்டணம், மருத்துவர் என்று எப்படிச் சமாளிப்பார்? பேரக்குழந்தையின் பிறந்தநாளுக்குப் போவதென்றாலே டேவிட், பனாமா சிட்டி, அங்கிருந்து இன்னொரு விமானம் என்று மாறி மாறிப் போக வேண்டும். மாதச் செலவை எழுதிப் பார்க்கும் பலர் இந்தக் கணக்கை எழுதுவதில்லை.

அங்கே ஏற்கெனவே வாழ்பவர்கள்

போகேட்டே காலி நிலமல்ல. காபிப் பழம் பறிக்க ங்கோபே பழங்குடியினர் ஒவ்வோர் அறுவடைக்கும் குடும்பத்தோடு வருகிறார்கள். டாலரோடு வருகிறவர்கள் கூடும்போது நிலத்தின் விலையும் வாடகையும் கூடும். உள்ளூர் இளைஞர்கள் சொந்த ஊரில் வீடு வாங்குவது கஷ்டமாகும். போகிறவர் மொழியைக் கற்று, சந்தையில் நாலு பேரோடு பழகினால் அண்டைவீட்டுக்காரர் ஆவார். சுற்றுச்சுவருக்குள் ஆங்கிலம் பேசுகிறவர்களோடு மட்டும் இருந்துவிட்டால், ஆத்திர அவசரத்துக்குக் கதவைத் தட்ட ஆள் இருக்காது.

என்ன செய்யலாம்?

வீட்டை விற்றுவிட்டுக் கிளம்ப வேண்டாம். முதலில் ஒரு வருடம் வாடகைக்கு இருந்து பாருங்கள். ஜனவரியில் பூக்கண்காட்சியைப் பார்த்து மயங்கி வீடு வாங்குவதைவிட, அக்டோபர் மழையில் ஒரு மாதம் இருந்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. அந்த ஒரு வருடத்தில் ஸ்பானிஷ் கற்றுக்கொள்ளுங்கள், ஒருமுறை டேவிட் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாருங்கள். கணவன், மனைவி இருவரும், 'நான் மட்டும் தனியாக இருந்தாலும் இங்கே இருப்பேனா?' என்று தனித்தனியாக எழுதிப் பாருங்கள். இரண்டு பதிலும் 'ஆம்' என்றால், தாராளமாகப் போகலாம். ஒன்று 'இல்லை' என்றால், வருடத்துக்கு மூன்று மாதம் மட்டும் போகேட்டேயில் தங்கிவிட்டு ஊர் திரும்பலாம். ஓய்வுபெற்றவர்களில் அப்படி வந்துபோகிறவர்களும் உண்டு.