கண்ணமங்கலம்: பட்டுக்குப் பின்னால் ஒரு மல்பெரிக் குச்சி

வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் இருக்கிறது கண்ணமங்கலம். ஆரணிப் பட்டு என்று கடைகளில் விற்கும் சேலைகள் ஆரணி நகரில் மட்டும் நெய்யப்படுவதில்லை. கண்ணமங்கலம் போன்ற சுற்றுவட்டார ஊர்த் தறிகளிலும் உருவாகின்றன. பாவும் ஊடையும் பட்டுநூல். அந்த நூலைத் தரும் புழு தின்பது மல்பெரி இலை ஒன்றைத்தான். ஒரு கிலோ கச்சாப்பட்டு எடுக்க 6 முதல் 8 கிலோ கூடு வேண்டும். இலை சத்தாக இருந்தால்தான் கூடு கனக்கும். ஆகவே தறி உள்ள ஊருக்கு அருகில் மல்பெரி வைக்க நினைக்கும் விவசாயி முதலில் கேட்க வேண்டியது, 'எந்த ரகம்?' என்பதே.

மல்பெரியை மரவள்ளியைப் போலக் குச்சி வைத்தே நடுகிறோம். குச்சியிலிருந்து வரும் செடி தாய்ச்செடியின் அச்சு. ஆனால் விதையிலிருந்து முளைக்கும் மல்பெரிக் கன்றுகள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை. ஒன்றின் இலை பெரியது, ஒன்று வறட்சி தாங்கும், ஒன்றுக்கு நோய் குறைவு. இந்த வேறுபாடுதான் ரகம் உருவாக்குபவர்களின் மூலதனம். மைசூர் நாட்டு ரகத்தின் விதைக் கன்றுகளிலிருந்து பொறுக்கி எடுத்ததே கண்வா-2. எஸ்-30, பெர்ஹாம்பூர் சி-776 என்ற இரண்டையும் கலந்து மைசூர் மத்திய பட்டு ஆராய்ச்சி நிலையம் 1997-இல் வெளியிட்டது வி-1. நல்ல பாசனமும் உரமும் இருந்தால் இது ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 60 டன் வரை இலை தரும்.

அதற்காக எல்லா நிலத்திலும் வி-1 மட்டும் போதுமா? மரவள்ளி ஒரு பாடம் சொல்கிறது. தேமல் நோய் தாக்கிய வயலில் வெட்டிய குச்சி, நோயையும் சேர்த்தே அடுத்த வயலுக்குக் கொண்டுபோனது. தேமலைத் தாங்கும் குணம் ஆப்பிரிக்காவில் ஒரு காட்டு மரவள்ளி இனத்தைக் கலந்த பிறகே கிடைத்தது. அந்தக் காட்டுச் செடியை யாரும் காப்பாற்றி வைத்திருக்காவிட்டால், கலக்க எதுவும் இருந்திருக்காது. இதே காரணத்துக்காகத்தான் ஓசூரில் உள்ள மத்திய பட்டு மரபுவள மையம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மல்பெரி வகைகளைப் பராமரிக்கிறது.

விவசாயி செய்யக்கூடியது இதுதான். பாசனம் உறுதியாக இருந்தால் வி-1 வைக்கலாம். மானாவாரிச் செம்மண்ணுக்கு எஸ்-13, கரிசலுக்கு எஸ்-34 ஏற்றவை. சாம்பல் நோய் தொல்லை தரும் இடத்தில் எம்.ஆர்-2 பார்க்கலாம். இரண்டு ரகம் வைத்தால் தனித்தனிப் பாத்தியில் வைக்க வேண்டும். கலந்துவிட்டால் எது எதென்று தெரியாது. 6 முதல் 8 மாத வயதுள்ள, நோயில்லாத தோட்டத்தின் தண்டில் 3, 4 கணுக்கள் உள்ள குச்சியாக வெட்ட வேண்டும். வரப்பில் நிற்கும் பழைய மல்பெரி மரத்தை வெட்டுமுன் பட்டு வளர்ச்சித் துறை அலுவலரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. இன்னும் யாரும் சேகரிக்காத குணம் அதில் இருக்கலாம்.