வாளும் வினாவும்

பழங்கதைகளில் வாய் பேசாது நின்ற பாத்திரங்களைப் போர்புரிவோராக மாற்றி எழுதுதல் இக்காலத்துப் பெருவழக்காகிவிட்டது. வர்ஜிலின் பெருங்காப்பியத்தில் ஒரு சொல்லும் பேசாத லவீனியா என்னும் அரசிளங்குமரி, 2008ஆம் ஆண்டில் அர்சுலா லெ குவின் எழுதிய நாவலில் தன் கதையைத் தானே உரைக்கின்றாள். இவ்வழக்கு நன்றோ தீதோ எனத் தீர்ப்புக் கூறும் புலமை எமக்கில்லை. எம் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்று இதுபற்றி எம்மைச் சிந்திக்கச் செய்தது. அதனையே ஈண்டு எழுதத் துணிந்தோம்.

யாம் வசிப்பது வடபழனி ஆண்டவர் கோயிலுக்கு அணித்தாகிய ஒரு தெரு. அங்கிருந்து ஆற்காட்டுச் சாலையை அடைந்தால், முன்னாளில் விஜயா வாஹினிப் படப்பிடிப்பு நிலையம் விளங்கிய நிலத்தைக் காணலாம். இன்று அங்கே மருத்துவமனையும் வணிக மாளிகையும் நிற்கின்றன. கே. வி. ரெட்டி இயக்கி, 1957ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மாயா பஜார்’ உருவாயது அந்நிலையத்திலேயாம். பலராமன் மகள் வத்சலை அபிமன்யுவுக்கென்று உறுதி செய்யப்பட்டவள். பாண்டவர் நாடிழந்தபின் பெற்றோர் சொல் மாறி, அவளைத் துரியோதனன் மகனுக்கு மணமுடிக்க முற்படுகின்றனர். வியாசர் பாரதத்தில் இல்லாத இக்கதை நாட்டார் வழங்கி வந்தது. படத்தில் கடோத்கசன், உறங்கும் வத்சலையைக் கட்டிலோடு தூக்கிச் சென்று, அவள் உருவத்தைத் தான் எடுத்துக்கொண்டு, மணமகனைக் கலங்க வைக்கின்றான். மென்மையே உருவான வத்சலையாகவும், மீசையை முறுக்கும் பாவனையோடு நடக்கும் மாய வத்சலையாகவும் நடித்தவர் சாவித்திரி ஒருவரே.

இவ்வாண்டு எம் தங்கை, தான் பயிலும் கல்லூரியின் தமிழ்மன்ற விழாவிற்காக இக்கதையை நாடகமாக எழுதினாள். அவள் நாடகத்தில் கடோத்கசன் இல்லை. வத்சலையே மணப்பந்தலில் வாளுருவி, மணமகனைத் துவாரகையின் எல்லைவரை துரத்துகின்றாள். ஓரிரவு உணவிற்குப்பின் அவள் அதனை உரக்கப் படித்தாள். யாம் கைகொட்டி மகிழ்ந்தோம். கீரை ஆய்ந்துகொண்டிருந்த எம் அன்னையார் மட்டும், “நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது கடோத்கசன் பேசும் பேச்சல்லவா? வத்சலை எங்கே போனாள்?” என்று வினவினார்கள்.

தங்கை முகம் வாடினாள். எமக்கோ அன்னையாரின் அவ்வினா வேறொரு நாளை நினைவூட்டிற்று.

எம் தந்தையார் காலமாகி ஓராண்டு நிறைந்த சமயம் அது. குடும்பத்துப் பெரியோர் எம் வீட்டுக் கூடத்தில் கூடினர். வீட்டை விற்பதென முடிவு செய்து, ஒருவரிடம் முன்பணமும் வாங்கியிருந்தனர். அன்னையாரின் கையெழுத்து ஒன்றே குறை. யாம் பதினெட்டு வயது நிரம்பியவராகையால், பெரியோருடன் பாயில் அமரும் பெருமை எமக்கும் வாய்த்தது. சமையலறை வாயிலில் நின்ற அன்னையார் அதுவரை ஒரு சொல்லும் பேசினாரல்லர். பத்திரத்தை நீட்டியபோது மெல்லக் கேட்டார்கள்: “கையெழுத்து என்னுடையது என்றால், விலை பேசுவதற்கு முன்னே என்னைக் கேட்டிருக்க வேண்டாமா?”

விடை கூறுவார் எவருமிலர். அவ்வினா நியாயமானது என்பதை யாம் அறிந்திருந்தோம். அறிந்தும் பாயின் கோரைகளை எண்ணிக்கொண்டிருந்தோம். வீடு விற்கப்படவில்லை. ஈராண்டுகள் உறவினர் ஒருவரும் எம் வாயிற்படி மிதிக்கவில்லை. அத்தனிமையையும் அன்னையார் வாய் திறவாமலே தாங்கினார்கள்.

பாரதத்திலும் இத்தகைய அவை ஒன்று உண்டு. அழைக்க வந்தவனிடம், “தம்மைத் தோற்றபின் என்னைத் தோற்றாரா, முன்னரேயா?” என்று திரௌபதி விடுத்த வினாவிற்கு அறமுணர்ந்த வீடுமனும் விடை கூற இயலாது தயங்கினான். வியாசர் கதையில் வினா அவளுடையது, வஞ்சினமோ வீமனுடையது. 1912இல் முற்பகுதியும், பாரதியார் மறைந்தபின் 1924இல் பிற்பகுதியும் வெளிவந்த ‘பாஞ்சாலி சபதம்’ அவ்வஞ்சினத்தை அவள் வாய்க்கே அளித்து, அதனோடு நிறைவுறுகின்றது. ஆற்காட்டுச் சாலை மேற்கே செல்லும் தொண்டைநாட்டு ஊர்களில் தெருக்கூத்தும் அவ்வாறே செய்துவந்திருக்கின்றது. ஆங்குத் திரௌபதி, கோயில்கொண்ட அம்மன். பாரதக் கூத்தின் முடிவில் துரியோதனனை மண்ணாற் பெரிதாகச் செய்து, படுகளம் நிகழ்த்தி, விரித்த கூந்தலை முடித்து, அன்று மாலை தீ மிதிப்பர். இங்கும் அவள் கையில் வாள் இல்லை. அவள் சொல்லை ஓர் ஊரே கூடி நிறைவேற்றுகின்றது.

இவற்றையெல்லாம் தங்கையிடம் கூறினோம். போராளி என்பவள் வாளேந்தியவள் என்றே இருவரும் எண்ணியிருந்தோம் என்பது அப்போது புலனாயிற்று. பிறர் ஒருவனின் வீரத்தைப் பெண்ணுருவில் நுழைத்துவிட்டால், அப்பெண் மீண்டும் கட்டிலில் உறங்கப் போய்விடுகின்றாள். அவளுடைய சொல்லைத் தேடிக் கண்டு அவளிடமே கொடுப்பது கடினம். அதனாலேயே அது சிறந்தது.

தங்கை நாடகத்தைத் திருத்தி எழுதினாள். இப்போது வத்சலை பந்தலின் நடுவே நின்று தந்தையை நோக்கி, “வாக்குக் கொடுத்தவர் நீங்கள், நாடிழந்தவர் அவர்கள், இவற்றுள் நான் எதை இழந்தேன் என்று என்னைத் தருகிறீர்கள்?” என்கின்றாள். அதனைக் கேட்ட அன்னையார் ஒன்றும் கூறவில்லை. கீரைத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, “அதை இன்னொரு முறை படி, கண்ணே” என்றார்கள்.

ஆயினும் எம் உள்ளத்தில் ஓர் உறுத்தல் எஞ்சி நின்றது. திரௌபதி அவையில் கேட்டாள். எம் அன்னையாரும் கேட்டார்கள். அவர்களைப் புதிதாகப் போராளியாக்க எழுத்தாளர் ஒருவரும் வேண்டுவதில்லை. மாற்றி எழுதப்பட வேண்டியவர், அவ்வவையில் வீற்றிருந்து தலை கவிழ்ந்தோரேயாவர்.

ஒத்திகைக்கு ஆள் போதாமையால், அவையோருள் ஒருவராக நிற்கும்படி தங்கை எம்மை வேண்டினாள். அவ்வேடத்திற்கு வசனம் இல்லை. எமக்கு ஒரு வரியேனும் எழுதித் தருமாறு கேட்டோம். “அதை நீங்களே எழுத வேண்டும், அண்ணா” என்று கூறிவிட்டாள்.

அவ்வரியை யாம் இன்னும் எழுதி முடிக்கவில்லை.