கடைமடைக்கு வந்த வைத்தியம்

தஞ்சை நகரிலிருந்து ஒரத்தநாடு வழியாகப் பட்டுக்கோட்டைக்குச் செல்லும் சாலையில் பிரயாணம் செய்கிறவர்கள் காவிரி நாட்டின் மற்றொரு முகத்தைக் காண்பார்கள். கும்பகோணத்துப் பக்கத்து வயல்களைப் போல இவை பழம்பெரும் பாசன நிலங்கள் அல்ல. 1934ஆம் ஆண்டில் மேட்டூர் அணையோடு உடன் பிறந்த கல்லணைக் கால்வாயே இந்தச் சீமையைப் பசுமையாக்கியது. மக்கள் அதனைப் 'புது ஆறு' என்று அழைக்கிறார்கள். கல்லணையில் பிரிந்து, தஞ்சை நகரின் ஊடே புகுந்து, மேட்டு நிலங்களை நனைத்து, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளையும் கடந்து புதுக்கோட்டை மாவட்டத்தினுள்ளும் அது செல்கிறது.

மேட்டூரில் மதகு திறந்த செய்தி கேட்டுத் தஞ்சைத் தரணி முழுவதும் மகிழும். ஆனால் இப்பக்கத்து விவசாயி உடனே விதை நெல்லை ஊற வைப்பதில்லை. 'கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிட்டதா?' என்பதே அவர் கேட்கும் முதற் கேள்வி. தலைமடையில் வரப்பு வழிய நீர் நிற்கும்போதும் கடைமடை காய்ந்து கிடப்பதுண்டு. தண்ணீருக்கு உள்ள இந்த இயல்பு வைத்தியத்துக்கும் உண்டு. பெரிய மருத்துவமனைகளும் தேர்ந்த நிபுணர்களும் நகரங்களில் தேங்கி நிற்க, நடவுக்குப் போகும் கூலிப் பெண்ணின் குடிசைக்கு அவற்றின் பயன் கடைசியாகவே வந்து சேர்கிறது.

வழியில் ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரம் நிற்கிறது. இரண்டாம் சரபோஜி மன்னர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது இது. அந்நாளில் தஞ்சைச் சத்திரங்கள் வழிப்போக்கர்க்குச் சோறிடும் இடங்களாக மட்டும் இருக்கவில்லை. நோயுற்றவர்க்கு வைத்தியமும் விஷக்கடிக்கு மருந்தும் அங்கே கிடைத்தன. பயணத்தின் நடுவே பிரசவிக்கும் தாய்மாருக்கும் பராமரிப்பு இருந்தது. இச்சத்திரங்களின் தர்மம் குன்றாமல் நடைபெற வேண்டும் என்று மன்னர் ஆங்கில அதிகாரிக்கு 1801ஆம் ஆண்டில் கடிதம் எழுதினார். நோயாளி இருக்கும் வழிக்கே வைத்தியர் வரவேண்டும் என்ற எண்ணம் இம்மண்ணுக்குப் புதிதன்று.

பட்டுக்கோட்டையை நெருங்க நெருங்கத் தென்னந்தோப்புகள் மிகுதியாகின்றன. 2018 நவம்பரில் வீசிய கஜா புயல் இத்தோப்புகளை வேரோடு சாய்த்தது. பல ஆண்டு உழைப்பை ஒரே இரவில் இழந்த குடும்பங்கள் பல. இத்தகைய மக்களிடையேதான் டாக்டர் கனகரத்தினம் வாழ்ந்தார். 'பத்து ரூபாய் டாக்டர்' என்பது ஊர் அவருக்குச் சூட்டிய பட்டம். விலைவாசி எங்கோ ஏறிய பின்னும் அவர் பெற்ற கட்டணம் 10 ரூபாயைத் தாண்டவில்லை. 2020 ஜூனில், தம் 96ஆம் வயதில் அவர் காலமானார். அவர் சுமார் 65,000 சுகப்பிரசவங்களைப் பார்த்தவர் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. அதே ஆண்டு நவம்பரில் மயிலாடுதுறையும் தன் 'பத்து ரூபாய் டாக்டர்' ராமமூர்த்தியை இழந்தது. டெல்டாவின் இரு முனைகளில் இரண்டு நாற்காலிகள் ஒரே ஆண்டில் காலியாயின.

பத்து ரூபாயில் அப்படி என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். நெல் வயலைச் சற்று நினைத்துப் பார்ப்போம். எலியின் சிறுநீர் கலந்த சேற்றில் நாளெல்லாம் நிற்பவர்களின் காலில் உள்ள சிறு புண் வழியாகக்கூட எலிக்காய்ச்சல் தொற்றும். தொடக்கத்திலேயே கண்டுகொண்டால் எளிய மருந்துகளே போதும். நாள் கடந்தால் ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்கி உயிருக்கே உலை வைக்கும். வைத்தியருக்கு அஞ்சாத ஏழை உண்டு. கட்டணத்துக்கு அஞ்சாத ஏழை இல்லை. ஒரு நாள் கூலி முழுவதும் கட்டணமாகப் போய்விடும் என்றால், கடையில் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு நான்கு நாள் பொறுத்துப் பார்ப்பார்கள். அந்த நான்கு நாளில்தான் காய்ச்சல் முற்றுகிறது. பத்து ரூபாய்க் கட்டணம் நோயாளியை முதல் நாளிலேயே அழைத்து வந்தது. மேலும், அது இலவசமும் அன்று. கொடுப்பதைக் கொடுத்துவிட்டுத் தலைநிமிர்ந்து உட்காரும் கௌரவத்தை அது ஏழைக்கு அளித்தது.

கடைமடையின் துயரம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. வேல்ஸ் நாட்டில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வாழ்ந்த சிற்றூர் ஒன்றில் ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற குடும்ப வைத்தியர் பல்லாண்டு பணியாற்றினார். வைத்தியம் யாருக்கு மிகுதியாகத் தேவையோ அவர்களுக்கே அது குறைவாகக் கிடைக்கிறது என்ற உண்மையை 1971ஆம் ஆண்டில் அவர் எழுதி வெளியிட்டார். எழுதியதோடு நிற்கவில்லை, தம்மைத் தேடி வராதவர்களையும் தேடிச் சென்று இரத்த அழுத்தம் பார்த்தார். நம் தமிழகத்திலும் அரசின் ஆரம்ப சுகாதார நிலையங்கள் கட்டணமின்றிப் பணிபுரிகின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்குமான மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டு செல்கிறது.

இவை போதாவா? கால்வாயிடமே விடை கேட்போம். நீர் கடைமடைக்குச் செல்ல முறைப்பாசனம் என்ற ஏற்பாடு வேண்டும். தலைமடைக்காரர்களின் நல்ல மனத்தை மட்டும் நம்பி இருக்க இயலாது. ஆனால் ஏற்பாடு எவ்வளவு சிறந்ததாயினும், இரவில் விளக்கோடு சென்று மடையை வெட்டி விட ஓர் ஆள் வேண்டும். திட்டங்கள் முறைப்பாசனம் என்றால், கனகரத்தினமும் ராமமூர்த்தியும் அந்த ஆட்கள். பாட்டிக்கு வந்த நோயும் பேரனின் வயதும் நினைவில் இருக்க, அதே ஊரில் அதே நாற்காலியில் ஆயுள் முழுவதும் அமர்ந்திருக்கும் வைத்தியரை எந்த அரசாணையாலும் உண்டாக்கிவிட முடியாது.

ஆகவே இப்பிரயாணம் நம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கேள்வியை விட்டுச் செல்கிறது. பிள்ளை டாக்டராக வேண்டும் என்று கனவு காணாத பெற்றோர் நம்மிடையே எத்தனை பேர்? எந்தக் கல்லூரி, எவ்வளவு செலவு, எந்த நகரம் என்றெல்லாம் யோசிக்கிறோம். யாருக்காக டாக்டர் என்பதையும் சாப்பாட்டு வேளையில் பிள்ளைகளோடு ஒரு முறை பேசிப் பார்ப்போம். தண்ணீர் தானாகக் கடைமடைக்கு வருவதில்லை. யாரோ ஒருவர் மண்வெட்டியோடு இறங்குவதால்தான் வருகிறது.