மூடிக்கும் அதே நம்பர்

அமெரிக்காவில் கட்டப்போகும் ஒரு மூன்று தள அடுக்குமாடிக் குடியிருப்பின் சுவர்கள், கோவை கணபதியில் ஒரு வாடகை வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் தயாராகிக்கொண்டிருந்தன. லேப்டாப்பில் வரைந்துகொண்டிருந்தவளுக்கு வயது இருபத்தாறு. எதிரே நாற்காலியில் அப்பா. நாற்பது வருஷம் டிரங்குப் பெட்டி செய்தவர். சூட்கேஸும் பிளாஸ்டிக்கும் வந்து பட்டறையை மூடவைத்த பிறகு அவர் அதிகம் பேசுவதில்லை.

செங்கல் இல்லாத சுவர் அது. தகட்டைச் சூடாக்காமல் அப்படியே மடித்து, 'சி' வடிவத்தில் நீளநீளமாகச் செய்து, வரிசையாக நிறுத்தி, மேலே பலகை அடிப்பார்கள். அந்தத் துண்டுகளை அங்கே அழைக்கும் பெயர் கார் நம்பர் போல இருக்கும்: 600எஸ்162-54.

பார்த்தால் மிரட்டும், பிரித்தால் எளிது. 600 என்றால் 6 அங்குல ஆழம். அங்குலத்தை நூறாகப் பங்கிட்டு எண்ணுகிறார்கள். 'எஸ்' என்பது ஸ்டட், அதாவது ஓரம் உள்ளே மடிந்த நிற்கும் துண்டு. 162 என்பது பக்கவாட்டு அகலம், 1.62 அங்குலம். 54 தகட்டின் கனம், மில் கணக்கில். ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று. ஒரு காலத்தில் கம்பெனிக்கு ஒரு பெயர் வைத்துக் குழப்பிக்கொண்டிருந்தார்கள். பிறகுதான் தயாரிப்பாளர்கள் கூடி இந்த ஒரே பெயருக்கு வந்தார்கள்.

ஆனால் அன்று வந்த வரைபடத்தில் பழைய பாணியில் '6 அங்குலம், 20 கேஜ்' என்று மட்டும் இருந்தது. மறுநாள் காலைக்குள் அனுப்ப வேண்டும். "போன வேலையில போட்டதையே போட்டு அனுப்பிடும்மா" என்று ஆபீஸிலிருந்து சீனியர் மெசேஜ். போன வேலையில் போட்டது 30 மில்.

சும்மா பேச்சுக்குத்தான் கேட்டாள். "அப்பா, 20 கேஜ்னா எவ்வளவு கனம் இருக்கும்?"

"எந்தக் கடைத் தகடு கண்ணு?"

"கடைக்குக் கடை மாறுமா?"

"மாறாம? ரெண்டும் 20ன்னுதான் சொல்லுவாங்க. ஒண்ணு தட்டுனா நிக்கும். இன்னொண்ணு நசுங்கும்."

கேஜ் என்பதே விநோதமான கணக்கு. எண் ஏற ஏறத் தகடு மெலியும். அமெரிக்காவில் 1893லேயே சட்டம் போட்டு இதை ஒழுங்குபடுத்தினார்கள். அதுவும் கனத்தை வைத்து அல்ல, சதுர அடிக்கு எவ்வளவு எடை என்பதை வைத்து. அப்படியும் குழப்பம் தீரவில்லை. அவள் பட்டியலைத் திறந்து பார்த்தபோது அப்பா சொன்னது அப்படியே இருந்தது. 20 கேஜ் என்ற ஒரே பெயரில் இரண்டு தகடு. அறையைத் தடுக்கும் சுவருக்கு 30 மில், சுமை தாங்கும் சுவருக்கு 33 மில். வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, கிட்டத்தட்ட ஒரு தலைமுடி. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

அவள் வரைந்துகொண்டிருந்தது கூரையைத் தாங்கும் மேல்தளச் சுவர்.

சாயங்காலம் ஆறரைக்குக் கேள்வி எழுதி அனுப்பினாள். 30ஆ, 33ஆ? எஃகின் வலிமை எவ்வளவு? அது அந்த நீளப் பெயரில் வராது, தனியாகத்தான் எழுத வேண்டும். சீனியருக்குக் கோபம். "வேலை தாமதமாகும்" என்றார். கேள்வி கேட்டதற்காக வேலை போகுமோ என்று அவளுக்கும் வயிற்றைக் கலக்கியது. இந்த வீட்டில் இப்போது ஒரே ஒரு சம்பளம்.

காத்திருந்த நேரத்தில் அப்பா நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். பட்டறை மூடிய பிறகு அவள் வேலையை அவர் எட்டிப் பார்ப்பது அதுவே முதல் தடவை.

"இது என்ன, 600டி?"

"ட்ராக்குப்பா. ஸ்டட்டுக்கு மேலயும் கீழயும் தொப்பி மாதிரி மாட்டுறது. இதுக்கு மட்டும் உள்ளளவு. மத்ததுக்கெல்லாம் வெளியளவு. ஏன் இப்படி மாத்தி வச்சாங்கன்னுதான் தெரியல."

அப்பா சிரித்தேவிட்டார். "பெட்டிக்கு வெளியளவு, மூடிக்கு உள்ளளவு. அப்பத்தானே ஒரே நம்பர் சொன்னா ரெண்டும் பொருந்தும்? உங்கம்மா டப்பா மூடி தேடுறப்ப பாத்ததில்லையா?"

ராத்திரி பதினொன்றுக்குப் பதில் வந்தது. 33 மில். கேட்டதற்கு நன்றி என்றும் ஒரு வரி. சீனியர் ஒரு கட்டைவிரல் படம் மட்டும் அனுப்பினார்.

அப்பா எழுந்துபோய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து தன் டிரங்குப் பெட்டியை இழுத்தார். துணிச் சுருளுக்குள் இருந்து ஓரமெல்லாம் வெட்டுப் போட்ட வட்டத் தகடு ஒன்றை எடுத்து, வேட்டியில் துடைத்து, லேப்டாப் பக்கத்தில் வைத்தார். தகட்டை அந்த வெட்டுகளில் நுழைத்துக் கேஜ் பார்க்கும் கருவி.

"இனி இது எதுக்குப்பா?"

"இருக்கட்டும். பேப்பர் பறக்காம வைக்க ஆகும்" என்றவர், விளக்கை அணைக்காமல் அங்கேயே உட்கார்ந்தார். "அடுத்தது என்ன நம்பர், படி பாக்கலாம்."