சுண்டல் வைத்து ஒரு கடல் யுத்தம்

மாலை ஆறு மணிக்கு மேல் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் வண்டிகளுக்கு அனுமதி கிடையாது. ஆபீஸ் அலுப்பு தீர அங்கே நடப்பது ஒரு சுகம். அன்றைக்கும் காந்தி சிலைக்குப் பக்கத்தில் சுண்டல் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் கடற்படையிலிருந்து ரிட்டையரான ஒரு பெரியவர். மெல்லிய குரல், காதைக் கிட்டத்தில் கொண்டுபோனால்தான் கேட்கும்.

கடலுக்கு மேல் ஒரு விமானம் தாழப் பறந்தது.

"ஏதோ சென்னை ஃப்ளைட்" என்றேன்.

"இல்ல தம்பி, அரக்கோணம். பி-8ஐ."

அரக்கோணம் ராஜாளி தளத்தில் 2013 முதல் இருக்கும் விமானம் அது. போயிங் 737-ன் உடம்பு, வயிற்றில் டார்பிடோ. நீர்மூழ்கிகளைத் தேடிப் பிடிப்பது முக்கியமான உத்தியோகம்.

"கீழே இருக்கறவன் சும்மாவா இருப்பான்? மேலே பார்த்து ஒண்ணு போட வேண்டியதுதானே?" என்றேன், பெரிய வீரன் மாதிரி.

"போட்டுப் பார்த்தாச்சு" என்றார். 1943-ல் ஜெர்மன் நீர்மூழ்கிகளுக்கு, 'மேலேயே நின்று விமானத்தைச் சுடு' என்று உத்தரவு போனது. அந்த மே மாதம் மட்டும் நாற்பதுக்கும் மேற்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிகள் காலி. விமானங்களுக்கு அதில் பெரிய பங்கு. ஆகஸ்டில் உத்தரவு வாபஸ்!

பிறகு டார்பிடோ குழாயிலிருந்தே கிளம்பி ஹெலிகாப்டரை அடிக்கும் 'ஐடாஸ்' ஏவுகணையை ஜெர்மானியர்கள் உருவாக்கினார்கள். பிரெஞ்சுக்காரர்களும் அப்படி ஒன்றை வடிவமைத்தார்கள். "ஆனா சுட்ட நிமிஷமே நம்ம விலாசத்தை நாமே எழுதிக் கொடுத்த மாதிரி. வேற வழியே இல்லேன்னாதான் அது."

பிறகு என்னதான் வழி? என் பொட்டலத்திலிருந்து சுண்டலை எடுத்து மதில்மேல் வரிசையாக வைத்தார். "இதெல்லாம் மிதவை. விமானம் போட்டுக்கிட்டே போகும். ஒவ்வொண்ணுலயும் ஒயர்ல ஒரு காது தொங்கும்."

அந்தக் காதில் விழாமல் இருப்பதுதான் தற்காப்பு. டீசல் எஞ்சினை நிறுத்தி, பேட்டரியில் ஊர்ந்து போக வேண்டும். தேவையில்லாத பம்பு, ஃபேன் எல்லாம் நிறுத்தம். நம் வங்காள விரிகுடாவும் கொஞ்சம் உதவும். மழைக்காலத்துக்குப் பிறகு நதித் தண்ணீர் மேலே மிதக்கும், கனத்த உப்பு நீர் கீழே. இரண்டும் சந்திக்கிற இடத்தில் ஒலி வளையும். ஆனால் காதையும் ஆழத்தில் இறக்கலாம் என்பதால் முழு நிம்மதி கிடையாது.

பேட்டரி தீர்ந்தால் வந்தது வினை. சார்ஜ் செய்ய டீசல் ஓட வேண்டும், டீசலுக்குக் காற்று வேண்டும். குழாயை மேலே நீட்டினால் விமானத்தின் ரேடாரில் மாட்டலாம். அதனால் ரேடார் அலையை மோப்பம் பிடிக்கும் ஆண்டெனா முதலில் எட்டிப் பார்க்கும். அலை பட்டால் உடனே முங்கல்.

1954-ல் இந்த ஊரைவிட்டுக் கிளம்பிய பிரெஞ்சுக்காரர்களின் வடிவமைப்பில்தான், 2017-லிருந்து 2025-க்குள் நம் கடற்படையில் ஆறு கல்வரி ரக நீர்மூழ்கிகள் சேர்ந்தன. அவற்றின் பெரிய ஆயுதமும் மௌனம்தான்.

"உள்ளே நாற்பது பேர் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருப்போம். ஒருத்தன் கையிலிருந்து ஸ்பேனர் நழுவினா போதும்" என்றார்.

"நீங்க விமானத்துல இருந்தீங்களா, நீர்மூழ்கியிலயா சார்?"

"உள்ளேதான்."

அலைச் சத்தத்தில் அது பாதிதான் கேட்டது. இத்தனை நேரமும் அவர் ஏன் அவ்வளவு மெதுவாகப் பேசினார் என்பது மட்டும் அப்போது புரிந்தது.