தம்பியிடம் நான் பறித்தவை

என் தம்பி மறுபடியும் ஹெரோயினைத் தொட்டதற்கு அவனுடைய பழைய கூட்டாளிகள்தான் காரணம் என்று ஊரெல்லாம் சொல்லிவந்தேன். என் பங்கை மட்டும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

மலேசியாவில், ஹெரோயினுக்கு மாற்று மருந்தாகக் கொடுக்கும் மெத்தடோன் சிகிச்சை 2005-இல் தொடங்கியது. அதற்குச் சில வருடம் கழித்து, ஜார்ஜ்டவுனில் ஒரு கிளினிக்கில் அவனைச் சேர்த்தோம். தினமும் போய் மருந்தாளர் கண்ணெதிரே மருந்தைக் குடித்துவிட்டு வேலைக்குப் போவான். சிறுநீர்ச் சோதனை தொடர்ந்து சுத்தமாக வந்ததால், சில நாள் மருந்தை வீட்டுக்கே கொடுத்தனுப்பினார்கள். அந்த பாட்டிலை அம்மாவிடம் காட்டிச் சிரித்தான். "ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை, இதில் பெருமை வேறயா?" என்றேன்.

அவன் சம்பளத்தையும் வாங்கி வைத்துக்கொண்டேன். தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்குப் போகும் காவடிகளுக்கு அவன் ஒரு குழுவோடு உறுமி வாசிப்பான். அந்தக் குழுவுக்கும் போகக் கூடாது என்று தடுத்தேன். அங்கே போதைப்பித்தர் யாரும் இல்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தும் அவனை நம்பி இரவில் வெளியே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. வேலையும் வீடும் என் சந்தேகமும் தவிர அவனுக்கு எதையும் நான் விட்டுவைக்கவில்லை. அடுத்த தைப்பூசம் வருமுன்பே அவன் மறுபடி ஊசி எடுத்தான்.

பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் ஸ்டீஃபன் ஹிக்கின்ஸ் என்ற ஆய்வாளர், கொக்கெய்னை விட முயன்றவர்களுக்குச் சுத்தமான சோதனை ஒவ்வொன்றுக்கும் பொருள் வாங்கும் சீட்டு கொடுத்தார். தொடர்ந்து சுத்தமாக இருந்தால் சீட்டின் மதிப்பு ஏறும், தவறினால் இறங்கும். அதனால் பலர் சிகிச்சையில் நிலைத்தார்கள். நம் நாட்டிலும், போதையை விட்டவர்களுக்கு மெத்தடோன் போன்ற இன்னொரு மாற்று மருந்தான பியூப்ரெனோர்ஃபினை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதையே பரிசாக வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2008-இல் வெளிவந்தது. அந்த ஆய்வில் பரிசாகக் கொடுத்ததைத்தான் நான் என் வீட்டில் இழிவாகப் பேசியிருக்கிறேன்.

அதே அமெரிக்காவின் தேசிய போதைப்பொருள் ஆய்வு நிலையத்தினர் 2018-இல் வெளியிட்ட எலி ஆய்வு என்னை இன்னும் உலுக்கியது. போதைக்குப் பழகிய எலிகளுக்கு இன்னோர் எலியின் துணையையும் போதையையும் ஒருசேரக் காட்டினால், துணையைத்தான் தேர்ந்தெடுத்தன. துணை கிடைக்கத் தாமதமானாலோ, துணையைத் தேடியதற்குத் தண்டனை கிடைத்தாலோ, போதையின் பக்கம் திரும்பின. என் தம்பிக்குத் துணையாக இருந்தது அந்த உறுமிக் குழு. அவன் அதைத் தேடியபோதெல்லாம் நான் அவனைத் தண்டித்தேன்.

தம்பி மீண்டும் சிகிச்சையில் இருக்கிறான். அவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். சிகிச்சையில் இருக்கும் பிள்ளையோ தம்பியோ உங்கள் வீட்டிலும் இருந்தால், சோதனை சுத்தமாக வரும் அன்றைக்கே பாராட்டுங்கள். பந்தோ மேளமோ, அவர் விரும்பும் இடத்துக்கு நீங்களே கூட்டிப்போங்கள். காவல் காப்பதால் மட்டும் யாரும் போதையிலிருந்து மீள்வதில்லை.