தொப்பியும் வாளும் சொன்ன சேதி

ஏறாவூரிலிருந்து வாழைச்சேனை, வாகரை, வெருகல் வழியாக வடக்கே சென்றால் மூதூர் வரும். அதையடுத்த கொட்டியாரக் குடாவில்தான் 1660ஆம் ஆண்டு ரொபட் நொக்ஸ் என்ற ஆங்கில இளைஞரும் கப்பற் தலைவரான அவருடைய தகப்பனாரும் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் பிடிபட்டார்கள். ஏறாவூருக்குத் தெற்கே மட்டக்களப்புக் கோட்டை. போர்த்துக்கேயர் 1628இல் கட்டிய அதனை 1638இல் இதே இராஜசிங்கன் ஒல்லாந்தருடன் சேர்ந்து கைப்பற்றினான். போர்த்துக்கேயர் 1626இல் தமது பகுதிகளிலிருந்து விரட்டிய முஸ்லிம்களில் சுமார் 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றியவன் இவனுக்கு முன் ஆண்ட செனரத் மன்னன். ஆகவே நமது வாவிக்கரைக்கு இராஜசிங்கன் அந்நியனல்லன்.

ஏறக்குறைய 20 ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் கைதியாக வாழ்ந்து தப்பிச்சென்ற நொக்ஸ், 1681இல் இலண்டனில் இலங்கை பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதில் இராஜசிங்கனின் முழு உருவம் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிடப்பட்டுள்ளது. (உருவப்படம் பற்றிய மார்க்கச் சட்டம் வேறு விடயம். இங்கே வரலாற்றுச் சான்றாகவே அதைப் பார்க்கிறோம்.)

அவனது உடையை நொக்ஸ் வருணிப்பதைப் படித்தால் சிரிப்பு வரும். பாதிரிமாரின் தொப்பி போல நான்கு மூலையுள்ள, மூன்று அடுக்குத் தொப்பி. அதன் முன்னே நிமிர்ந்து நிற்கும் ஓர் இறகு. முதுகில் போர்த்துக்கேயர் பாணியில் தொங்கும் பட்டி. சட்டையின் உடல் ஒரு நிறம், கை வேறு நிறம். கணுக்கால்வரை காற்சட்டை, காலுறை, சப்பாத்து. கையில் பொற்பிடியும் இரத்தினக் கற்களும் வைத்த சிறு பிரம்பு. பகைவரின் உடையிலிருந்தே தன் மகிமைக்கு வேண்டியதை எடுத்துக்கொண்ட அரசன்! தோளிலிருந்து தொங்கும் வாளின் உறையோ பெரும்பாலும் பொன். அப்படி வாள் தரிக்கச் சிங்களக் குடிகள் எவருக்கும் துணிவில்லை, வெள்ளையர் மட்டும் தரிக்கலாமாம்.

சிரிப்பு அத்தோடு நின்றுவிடும் சகோதரிகளே. அதே நூலில் குடிமக்களின் உடையைப் பற்றியும் நொக்ஸ் எழுதுகிறார். உயர்குலத்தார் தொப்பி முழுதும் ஒரே நிறம், வெள்ளை அல்லது நீலம். தாழ்ந்தவர் என ஒதுக்கப்பட்டோரின் தொப்பிக்குச் சிவப்பு மடிப்புகள். தூரத்தில் வரும்போதே இன்னார் என்று தெரிந்துவிடும். உயர்குலப் பெண்ணின் சேலை குதிகால்வரை இறங்கும், அதன் முந்தானை தோளில் ஏறும். மற்றப் பெண்களுக்கு இடுப்புக்கு மேலே துணி கூடாது, முழங்காலுக்குக் கீழே அதிகம் இறங்கவும் கூடாது. குளிர் தாங்காமல் முதுகில் ஒரு துணியைப் போட்டுக்கொண்டால், எதிரே வரும் உயர்குலத்தாரிடம் குளிருக்காகத்தான் போட்டேன் என்று மன்னிப்புக் கேட்கவேண்டும். மேனியை மறைத்ததற்கு மன்னிப்பு!

அந்தச் செப்புத்தகட்டுப் படத்தில் இப்பெண்கள் இல்லை. ஆனால் அரசனின் சப்பாத்துக்கும் தொங்கும் வாளுக்கும் பொருள் கொடுப்பது அவர்களுக்கு மறுக்கப்பட்ட அந்தத் துணிதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அரசர்கள் போய் ஆங்கிலேயர் வந்த பின்னும் தலையணிக்குச் சட்டம் இருந்தது. 1905இல் கொழும்பில் சட்டத்தரணி எம். ஸி. அப்துல் காதர் துருக்கித் தொப்பியுடன் உயர் நீதிமன்றத்தில் தோன்றுவதை நீதியரசர்கள் தடுத்தார்கள். அவ்வாண்டு டிசம்பர் 31இல் மருதானைப் பள்ளிவாசல் வளவில் முஸ்லிம்கள் பெருந்திரளாகக் கூடிக் கண்டித்தார்கள். பின்னர் தடை நீங்கியது.

அத்தொப்பியணிந்த மூத்தவாப்பாவின் புகைப்படம் உங்கள் வீட்டுப் பெட்டியின் அடியில் கிடக்கக்கூடும். கையில் என்ன வைத்திருக்கிறார், காலில் இருப்பது செருப்பா சப்பாத்தா என்று ஒருமுறை உற்றுப் பாருங்கள்.